மாமாவுக்குத் தெரிகிற நிறம்

மார்ச் 4, புதன்

மாமா இன்றைக்கும் பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டார். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டாயிற்று. சாயங்கால நடை முடிந்து திரும்பிய மனிதர், நம் வீட்டைத் தாண்டிப் போய் தையல் அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர்தான் செருப்பை அடையாளம் கண்டு, தன் அப்பாவைக் கையோடு கூட்டி வந்தார்.

"எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்குடா. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் மாமா.

அதுவும் நியாயம்தான். இந்த வரிசை முழுக்க ஒரே ஆள் கட்டியது, எல்லாக் கதவும் ஒரே காப்பிப்பொடி நிறம். குடிவந்த புதிதில் நானே அடுத்த வீட்டுப் பூட்டில் சாவியைப் போட்டுத் திருகியிருக்கிறேன். ஆனால் அது புதிதில். இத்தனை வருஷம் கழித்து ஏன்? கண்ணா, ஞாபகமா?

மார்ச் 5, வியாழன்

இவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அப்பா தனியா வெளியே போகக் கூடாது. கதவுக்கு மேல ஒரு தாழ்ப்பாள் போட்டுடறேன்." மறதிக்குப் பார்க்கிற டாக்டரிடம் 23ஆம் தேதிக்கு நேரமும் வாங்கியாயிற்று. மாமா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். ஒரு பக்கத்தைத் திருப்பினார், அவ்வளவுதான்.

தாழ்ப்பாளாம் தாழ்ப்பாள்! கட்டிப் போட அவர் என்ன மாடா? அத்தை போன பிறகு அந்த மனுஷனுக்கு இருக்கறதே அந்தச் சாயங்கால நடை ஒண்ணுதான். அதையும் பிடுங்கிக்கிட்டா?

இவருக்கு அப்பாவைப் பற்றிப் பயம். அது எனக்கும் புரிகிறது. ஆனால் நான் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள். சோதிக்காமல் எதையும் நம்ப மாட்டேன். கண்தான் கோளாறு என்றால், கதவின் நிறத்தை மாற்றினால் தீர்ந்தது. நானே பெயிண்ட் அடிக்கிறேன் என்றேன். இவர் சிரித்தார். "ஆணி அடிக்கச் சொன்னா சுவரையே பெயர்த்தவதானே நீ?"

மார்ச் 7, சனி

பெயிண்ட் கடையில் அரை நாள் போனது. கதவுக்கு எனாமல், அதற்கு முன் பிரைமர், அதற்கும் முன் உப்புத்தாள். "ஆள் அனுப்பட்டுமாம்மா?" என்று கடைக்காரர் மூன்று தடவை கேட்டார். "நான்தான் அந்த ஆள்" என்றதும் அடங்கினார். சின்ன டப்பாக்களாக ஐந்து நிறம் வாங்கி வந்து, பழைய கதவிலேயே பட்டை பட்டையாகத் தீற்றினேன். மாமாவைத் தெருவில் நிறுத்திக் கேட்டேன்.

"இது என்ன நிறம் மாமா?"

"பழுப்பு."

"இது?"

"அதுவும் பழுப்பு மாதிரிதாம்மா இருக்கு."

சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், வெள்ளை, எல்லாம் பழுப்பாம்! வெள்ளை கூடவா? எனக்கு உடம்பெல்லாம் ஆர்வம். கூடவே பயமும்.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் மறுபடி சோதித்தேன். நேற்றுப் பழுப்பாக இருந்த மஞ்சள் இன்று சாம்பலாம். நீலம் சிவப்பாம். எங்கள் லேபில் ஒரே ரத்தம் இரண்டு தடவை இரண்டு விடை தந்தால், நோயைச் சந்தேகிக்க மாட்டோம். மாதிரியை எடுத்த விதத்தைத்தான் சந்தேகிப்போம். நான் கேட்ட விதம் தப்போ?

பிறகு நாள் முழுக்கத் தேய்ப்பு. காப்பிப்பொடி நிறத்துக்கு அடியில் ஒரு இளநீலம் இருந்தது! முன்பு யார் அடித்தார்கள், ஏன் மறைத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே தேய்த்ததில் கை வலி தெரியவில்லை. மாமா வந்து வந்து பார்த்தார். "இந்தப் பழுப்பே நல்லாத்தானேம்மா இருக்கு? அழுக்கும் தெரியாது. எதுக்கு இந்த வேண்டாத வேலை?" நல்ல வார்த்தையே பேசுகிறவர், இந்தக் கதவு விஷயத்தில் மட்டும் ஏன் இப்படி முட்டுக்கட்டை போடுகிறார்?

மார்ச் 10, செவ்வாய்

தும்மினால் இன்னும் மரத்தூள் வருகிறது.

மார்ச் 14, சனி

நேற்று அடித்த பிரைமர் காய்ந்துவிட்டது. இன்று முதல் கோட் மஞ்சள். எலுமிச்சையை விட அடாவடியான மஞ்சள், தெருமுனையிலிருந்தே கூப்பிடும். பிரஷ்ஷில் கொஞ்சமாகத் தொட்டு, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. இடையில் நிறுத்தினால் திட்டு விழுகிறது என்பதைக் கதவே சொல்லிக்கொடுத்தது.

தள்ளி நின்று அழகு பார்த்தேன். கேட் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமா சொன்னார்: "பூட்டுக்குக் கீழ பிரஷ் முடி ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு பாரும்மா."

கிட்டே போய், மூக்கு உரசும்படி பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இருந்தது!

மாமா அச்சகத்தில் பிழை திருத்தியவர். அந்தக் கண் எங்கேயும் போகவில்லை. சொன்னதும் அவருக்கே தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். எழுந்து உள்ளே போய்விட்டார். முடியை ஊசியால் எடுத்தபடி யோசித்தேன். இத்தனை துல்லியமான கண்ணுக்கு வெள்ளை எப்படிப் பழுப்பாகத் தெரியும்? பொய் சொல்லியிருக்கிறார். என்னிடமா? எதற்கு?

மார்ச் 15, ஞாயிறு

இரண்டாவது கோட்டும் முடிந்தது. கதவு தகதகவென்று நிற்கிறது. இவர் அசந்துபோய், "பரவாயில்லையே, போலீஸ்!" என்றார். எதையும் துருவிக் கேட்பதால் எனக்கு இவர் வைத்த பெயர். மாமாவும் நல்லா இருக்கும்மா என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

மார்ச் 18, புதன்

மூன்று நாளாகச் சாயங்காலம் கிளம்பிப் போனதும் திரும்பி வந்துவிடுகிறார். நேராக மஞ்சள் கதவுக்கு. இவருக்குப் பெருமை தாங்கவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் பெயிண்ட் வைத்தியம் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். டாக்டரை மட்டும் விடவில்லை. திங்கட்கிழமை எப்படியும் காட்டிவிடுவாராம்.

குணமானவர் முகமா அது? டிவி ஓடுகிறது, மாமா சுவரைப் பார்க்கிறார்.

மார்ச் 19, வியாழன்

தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கப் போனேன். அக்கா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே கேட்டார். "உங்க மாமனாருக்கு உடம்பு சரியில்லையாம்மா? ஆளையே காணோம்."

"இப்ப வீடு மாறிப் போறதில்லைக்கா. கதவு மஞ்சளாயிடுச்சுல்ல."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "முதல் நாள் மட்டும்தாம்மா தவறி வந்தார். நான் தைச்சுக்கிட்டே ரேடியோ கேட்டுட்டு இருந்தேன். உட்கார்ந்து அவரும் கேட்டார். அப்புறம் தினமும் வந்தார். பேப்பர்ல வர்ற குறுக்கெழுத்தை அவர் படிப்பார், நான் பதில் சொல்லுவேன். சண்டை கூடப் போடுவோம். மகன்கிட்ட சொல்லுங்கன்னேன். ஒத்தைப் பொம்பளை வீடு, நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க, கதவு தெரியலைன்னே இருக்கட்டும்னுட்டார்."

சட்டையை வாங்காமலே வந்துவிட்டேன்.

ஐயோ, நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்! மறதிக்காரன்னு பேர் வந்தாலும் பரவாயில்லைன்னு அந்த மனுஷன் பிடிச்சு வெச்சிருந்த ஒரே சாக்கு அது. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு எடுத்து, மேல ரெண்டு கோட் வேற அடிச்சிருக்கேன்.

மார்ச் 20, வெள்ளி

இவர் குளிக்கும்போது மாமாவிடம் போய், "தையல் அக்கா விசாரிச்சாங்க மாமா" என்றேன்.

மாமா பேப்பரை மடித்தார். "அவன்கிட்ட சொல்லிடாதேம்மா."

"திங்கட்கிழமை டாக்டர் உங்களுக்கு மறதின்னு எழுதிட்டார்னா?"

"எழுதட்டும்."

"அப்ப தாழ்ப்பாள் வரும் மாமா."

மாமா பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். நான் இவரிடம் சொல்லிவிடலாம். ஒரு நிமிஷ வேலை. ஆனால் அது என்னுடைய விஷயம் இல்லையே. என் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோல் வைத்திருக்கிறேன். நாக்கு அரிக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

காலைச் சாப்பாட்டில் இருந்தோம். மாமா பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, "அந்த உப்புத்தாளும் பிரஷ்ஷும் எங்கேம்மா?" என்றார்.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?" என்றார் இவர்.

"பக்கத்து வீட்டுக்கு. அவங்க கதவுக்குப் பெயிண்ட் அடிச்சுத் தரேன்னு சொல்லியிருக்கேன்."

"நம்ம வீட்டுக் கதவே தெரியாம இத்தனை நாள்..."

"தெரியும்டா. முதல் நாள் மட்டும்தான் தவறிப் போச்சு. அப்புறமெல்லாம் தெரிஞ்சேதான் அங்க போனேன். அவங்களோட பேசிட்டிருந்தா எனக்கு நல்லா இருக்கு. உன்கிட்ட சொல்லத்தான் வெக்கமா இருந்துச்சு."

இவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன். பிறகு, "தெருவுல நாலு பேர் பார்த்தா என்னப்பா நினைப்பாங்க?" என்றார்.

"பார்க்கட்டும்னுதான் வாசல்ல நின்னு அடிக்கப் போறேன்."

மாமா போய்விட்டார். இவர் சாப்பிட்டு முடித்தார், கை கழுவினார், ஜன்னல் அருகே நின்றார். நானும் பின்னால் போய் நின்றேன். மாமா தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நடந்து போன யாரோ நின்று எதையோ கேட்க, உரக்கப் பதில் சொல்லிவிட்டு மறுபடி தேய்த்தார். உள்ளே தையல் மெஷின் சத்தம்.

"மேல அவருக்கு எட்டாது" என்றார் இவர். போனை எடுத்து டாக்டருக்கு நாளைக்கு வரவில்லை என்று சொன்னார். பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மதியம் வரை வேலை நடந்தது. அப்பா கதவின் கீழ்ப்பாதியைத் தேய்த்தார், மகன் மேல்பாதியை.