அசையாத மூலை

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

போனில் பேசினால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் மெயில் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

எக்கோ படத்தைப் பார்த்து இதயச் சுவர் எப்படி அசைகிறது என்று கணக்கிடும் உன் புரோகிராமுக்கு, நோயில்லாத இதயம் ஒன்று கேட்டிருந்தாயே. அனுப்பியிருக்கிறேன். என்னோடு ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் பெண்ணுடையது. கல்லுக்குண்டாட்டம் இருப்பாள், தலைவலி மாத்திரைகூடப் போட்டதில்லை. புரோகிராம் என்ன சொல்கிறது என்று உடனே எழுது.

இங்கே லிஃப்ட் பழுது. மூன்றாம் மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. வயசாகுதுடா.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

மானம் போகிறது. நீ அனுப்பியது கல்லுக்குண்டு. என் புரோகிராமோ இடது கீழறையின் நுனியில் ஒரு மூலை அசையவே இல்லை என்கிறது. படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள் எங்கெங்கே நகர்கின்றன என்று பின்தொடர்ந்துதான் கணக்குப் போடுகிறேன். மற்ற இடமெல்லாம் அழகாகச் சுருங்கி விரிகிறது, அங்கே மட்டும் புள்ளிகள் பிடித்து வைத்ததுபோல நிற்கின்றன. அடுத்த வாரம் அலுவலகத்தில் காட்ட வேண்டும். என்ன செய்வது?

தம்பி

மார்ச் 11

தம்பி,

உன் புரோகிராம்தான் தப்பு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டேன், அந்த மூலை நன்றாகத்தான் அசைகிறது. திருத்திவிட்டு மறுபடி ஓட்டு. என்ன வந்தது என்று அன்றைக்கே எழுது. தள்ளிப் போடாதே.

அக்கா

மார்ச் 16

அக்கா,

நீ சொன்னபடி திருத்தினேன். அக்கம்பக்கத்து அசைவில் அந்த மூலைக்கும் கொஞ்சம் பங்கு கொடுத்தேன். இப்போது அதுவும் அசைகிறது. அலுவலகத்தில் எல்லோருக்கும் திருப்தி. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. படத்தைத் திரும்பவும் ஓட்டிப் பார்த்தேன்.

நீ முன்பு அனுப்பிய படங்களில், "மூச்சப் புடிங்க" என்று நீ சொல்லி, படுத்திருப்பவர் பிடித்து, அதன் பிறகுதான் ஸ்கேன் கருவியைப் பிடித்த உன் கை நிலைக்கும். நடுவில் சின்னத் தடுமாற்றம் இருக்கும். இந்தப் படத்தில் அது இல்லை. மூச்சும் கையும் ஒன்றாக நிற்கின்றன.

சொன்னதும் கேட்டதும் ஒரே ஆள்தானே? அது உன் இதயம்தானே?

அந்த மூலை அசையவில்லை, நான்தான் அசைய வைத்திருக்கிறேன். இன்றைக்கே டாக்டரைப் பார். நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய்; இதையாவது படி.

தம்பி

மார்ச் 18

அன்புத் தம்பிக்கு,

போனை எடுத்தால் அழுதுவிடுவேன். அதனால்தான் எடுக்கவில்லை.

ஆமாம், என்னுடையதுதான். கதவைச் சாத்திக்கொண்டு நானே எடுத்தேன். வேறு யாராவது என்றால் பார்த்த மாத்திரத்தில் டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன். என் விஷயத்தில் மட்டும், ஒன்றுமில்லை என்று நீ சொல்லிவிடுவாய் என்று காத்திருந்தேன். பயந்துவிட்டேன்டா.

இன்று காலை டாக்டரிடம் காட்டினேன், அவரும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். அதே மூலைதான். ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம், நாளைக்கே பார்த்துவிடலாம் என்றார். "தினமும் பக்கத்து ரூம்லதானே இருக்கேன், சொல்லக் கூடாதா?" என்று கோபித்துக்கொண்டார். அவர் "மூச்சப் புடிங்க" என்றபோது உன் ஞாபகம் வந்து, கொஞ்சம் தாமதமாகத்தான் பிடித்தேன்.

திருத்தியதை அழித்துவிடு. நீ முதலில் எழுதியதுதான் சரி. அதை யாருக்காகவும் மாற்றாதே, எனக்காகவும்.

டிக்கெட் கிடைத்தால் வா. இன்று சாயங்காலம் போன் பண்ணு, எடுக்கிறேன். "சரிக்கா" என்று உடனே வைத்துவிடாதே.

உன் அக்கா