சாவியக்காவின் நன்றிக் கூட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். ஆண்டவர் கிருபையில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

எனக்குக் காய்ச்சல் கண்டபோது கஞ்சி வைத்துக் கொடுத்து, தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபித்த சாவியக்கா போன வாரம் இறந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளாமல், ஆலயச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அங்கேயே கிடந்தவர். கவலைப்படாதீர்கள், நல்ல சாவுதான். பெருக்கிக்கொண்டிருந்தபோதே சாய்ந்துவிட்டார்.

அடக்கம் முடிந்து அவருக்காக நன்றிக் கூட்டம் வைத்தார்கள். "குடும்பம் குட்டின்னு இல்லாததாலதான் இப்படி உழைக்க முடிஞ்சுது. கர்த்தருக்கு நன்றி" என்றார் போதகர். எல்லோரும் ஆமென் சொல்லி, கண்ணைத் துடைத்து, காபி குடித்தார்கள். குடித்த டம்ளர்களைப் பழக்கதோஷத்தில் அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள், சாவியக்கா கழுவுவார் என்று.

நான் கழுவினேன். அவருக்கு என்னால் சொல்ல முடிந்த நன்றி அவ்வளவுதான்.

போதகரம்மா பார்த்துவிட்டு, சாவியை என் ஈரக்கையில் வைத்தார். "இனிமே நீ பாத்துக்கோம்மா. உனக்கும்தான் யாரும் இல்லையே."

"அம்மா இருக்காங்க" என்றேன். அவர் காதில் விழவில்லை.

சலவைக்கூடத்தில் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. பதில் போடும்போது உங்கள் போட்டோ ஒன்று வையுங்கள். பெரியதாக இருக்கட்டும். ஆலயத்தில் காட்ட வேண்டும், அம்மா.

உங்கள் மகள்