மாரமங்கலத்துக் கிட்டார்

வெள்ளக்கடை
5.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கீர்த்திகா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று எழுதக் கை வரவில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள், அது போதும். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பு முடியப்போகிறது. குளிரில் அம்மாவுக்கு விரலெல்லாம் வெடித்துக் கிடக்கிறது.

ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்பில் மிளகும் காப்பித்தூளும் விற்கும் கடையில் என்னை வேலைக்கு நிலையாக வைத்துக்கொண்டார்கள். சேர்த்த சம்பளத்தில் ஒரு கிட்டார் வாங்கலாமென்று ஆசை. சிரிக்காதீர்கள். கூட வேலை செய்யும் ஆஷ்லின் சர்ச்சில் வாசிக்கிறாள், சொல்லித் தருகிறேன் என்கிறாள். அம்மாதான், "அப்பன் ஜெயில்ல கெடக்கறப்ப ஊட்டுல பாட்டுக் கேக்குதுன்னு நாலு பேரு பேசமாட்டாங்களா கண்ணு?" என்கிறார்கள். உங்களுக்கும் அப்படித் தோன்றினால் விட்டுவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தை ஒண்டிக்கடைத் தபால் பெட்டியில்தான் போடப்போகிறேன். வெள்ளக்கடையில் போட்டால் யாராவது விலாசத்தைப் படிப்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மகள்
கீர்த்திகா


சேலம்
19.1.2025

என் கண்ணு கீர்த்திகாவுக்கு,

அப்பா எழுதுவது. எந்தப் பெட்டியில் போட்டால் என்ன சாமி, வந்து சேர்ந்துவிட்டது. அம்மாவை விரலுக்கு எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்.

கிட்டார் தாராளமாக வாங்கு. எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. இங்கே சக்தி என்று ஒருவர் இருக்கிறார். வெளியில் இருந்தபோது கச்சேரிக் குழுவில் கிட்டார் வாசித்தவர். அவரை விடாமல் பிடித்துக் கேட்டேன்.

பளபளப்பைப் பார்த்து மயங்கக் கூடாதாம். நீ சின்ன உடம்பு, கிட்டாரின் பெட்டி பெரிதாக வேண்டாம். மடியில் வைத்தால் கை சிரமமில்லாமல் சுற்றி வர வேண்டும். முதல் கிட்டாருக்கு நைலான் கம்பி நல்லது. இரும்புக் கம்பி விரலை அறுக்கும், வலி தாங்காமல் மூலையில் வைத்துவிடுவாயாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலைப்பக்கத்திலிருந்து பார், கழுத்து வளையாமல் இருக்க வேண்டும். கம்பி கழுத்துக் கட்டையை விட்டு ரொம்பத் தூக்கி நிற்கக் கூடாது. கழுத்தில் இருக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தி மீட்டிப் பார். எங்கேயாவது கரகரத்தால் வாங்காதே. ஒருவர் நன்றாகப் புழங்கிய பழையது கிடைத்தால் இன்னும் நல்லதாம்.

இதை எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. முடித்ததும் வெட்கமாகிவிட்டது. கடைக்கு உன்கூட வர முடியாதவன் காகிதத்தில் வந்து நிற்கிறேன்.

அப்பா
தனபால்


வெள்ளக்கடை
16.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கிட்டார் வாங்கிவிட்டேன். வாங்கியிருக்கக் கூடாது.

மாரமங்கலத்தில் பழைய நைலான் கம்பிக் கிட்டார் ஒன்று விற்பனைக்கு வந்திருப்பதாக ஆஷ்லின் போனில் பார்த்துச் சொன்னாள். பஸ்ஸில் நான் மட்டும் போனேன். வீட்டில் சின்ன வயதுப் பெண் ஒருவர் இருந்தார், பெயர் பவித்ரா. "உள்ள வாங்க. வாசிக்க ஆளில்லீங்க, சும்மாதான் கெடக்குது" என்று எடுத்துக் கொடுத்தார். நீங்கள் எழுதியபடி கழுத்தைப் பார்த்தேன், ஒவ்வொரு கட்டமாக அழுத்திப் பார்த்தேன். ஒரு இடத்திலும் கரகரப்பு இல்லை. எனக்கென்றே செய்த மாதிரி மடியில் உட்கார்ந்தது.

நிமிர்ந்தபோதுதான் சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தேன். பொன்னுவேல் என்று பெயர். கீழே தேதி. நீங்கள் குடித்துவிட்டு எஸ்டேட் பிக்கப் வண்டியைப் பள்ளத்தில் விட்ட நாள். உங்கள் பக்கத்து சீட்டில் இருந்தவருடைய வீடு அது.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். அதற்குள் அவர், "உங்க ஊடு எங்கீங்க? அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டார். "சேலமுங்க. அப்பா இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் இவரு இல்ல கண்ணு" என்றார். கேட்காமலே விலையைக் குறைத்தார். நானும் குறைத்த விலையையே கொடுத்துவிட்டு வந்தேன்.

கிட்டார் கட்டிலுக்கடியில் இருக்கிறது. உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. நான் என்ன செய்யட்டும் அப்பா?

கீர்த்திகா


சேலம்
2.3.2025

கண்ணு கீர்த்திகாவுக்கு,

அப்பா இல்லை என்று சொன்னதற்காக மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. நான் இருந்தும் இல்லாதவன்தானே.

ஆனால் ஒன்று சாமி. அங்கே திரும்பப் போகாதே. நீ யார் என்று சொல்லாதே. அந்தப் பெண்ணைக் கோர்ட்டில் ஒரு தடவை பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டேன், அப்புறம் நிமிரவே இல்லை. இப்போது போய்ச் சொன்னால் ஆறின புண்ணைக் கிளறுவது போலத்தான். அவளுக்கும் நிம்மதி போகும், உனக்கும் போகும். வைத்திருக்கப் பிடிக்கவில்லையென்றால் ஆஷ்லினிடம் கொடுத்து சர்ச்சுக்குக் கொடுக்கச் சொல். பேசாமல் இருந்துவிடு. இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

அப்பா


வெள்ளக்கடை
23.3.2025

அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை. கிட்டாரை எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் வாசலில் மிளகு காய வைத்துக்கொண்டிருந்தார். "அக்கா, அன்னிக்குப் பொய் சொன்னேனுங்க. நான் தனபால் மகளுங்க. பிக்கப் ஓட்டுன தனபால்" என்றேன். மிளகைத் துழாவிய கை அப்படியே நின்றது. திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. கிட்டாரை வாங்கி உள்ளே வைத்தார். என் பணத்தைக் கொண்டுவந்து பாயில் வைத்தார், கையில் கொடுக்கவில்லை.

பிறகு, "உங்கப்பா உனக்குக் காயிதம் போடுவாரா?" என்று கேட்டார்.

"போடுவாருங்க."

"என்ன எழுதுவாரு?"

இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை. "கிட்டாரு எப்படிப் பாத்து வாங்கோணும்னு எழுதுனாருங்க."

அவர், "எனக்கு ஒரு வரி எழுதுலயே. குடிச்சிருந்தேன், தப்பு என்னுதுன்னு ஒரு வரி. எழுதுவாருன்னு தபால்காரர எத்தன நாளு பாத்துட்டு இருந்தேன் தெரியுமா" என்றார். இந்த முறை என்னைக் கண்ணு என்று கூப்பிடவில்லை.

அப்பா, உயிரோடு இருக்கும் உங்களை இல்லை என்று சொன்னதற்கு இத்தனை நாள் கூசிப்போயிருந்தேன். அன்றைக்குப் பஸ்ஸுக்கு நடந்து வரும்போது, நீங்கள் இருப்பதை நினைத்துக் கூசினேன். அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு கிட்டார் கம்பிக்காக எனக்குப் பக்கம் நிறைய எழுதினீர்கள். அவருக்கு எழுத உங்களிடம் காகிதம் இல்லையா?

அவர் விலாசம் கீழே இருக்கிறது. நீங்கள் அவருக்கு எழுதும்வரை நான் உங்களைப் பார்க்க வரமாட்டேன். அம்மா மட்டும் வருவார்கள்.

கீர்த்திகா


சேலம்
20.4.2025

மகள் கீர்த்திகாவுக்கு,

பவித்ராவுக்கு எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன்.

எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. அன்புள்ள என்று போட எனக்குக் கை வரவில்லை. நலமா என்று கேட்பது எவ்வளவு அநியாயம் என்று காகிதத்தில் பேனாவை வைத்த பிறகுதான் தெரிந்தது. கடைசியில் பெயரை மட்டும் எழுதி, அடுத்த வரியில் குடித்திருந்தேன் என்று எழுதினேன். அதற்குப் பிறகு நிற்காமல் வந்தது. பதில் போட வேண்டாம், படிக்காமல் கிழித்தாலும் சரி என்று முடித்தேன்.

நீ வர வேண்டும் என்பதற்காக எழுதவில்லை என்று உனக்குச் சொல்ல ஆசை. அது பொய். முதல் வரியை அதற்காகத்தான் எழுதினேன். ஆகையால் அம்மாவோடு இந்தத் தடவை நீ வராதே சாமி. வந்தால் எழுதினதற்குக் கூலி வாங்கினவனாகிவிடுவேன்.

தனபால்