லொறியின் நம்பர்

அம்மாவுக்கு ஹம்சினி கும்பிட்டு எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? இந்த நோட்டன் பிரிட்ஜ் மலையில் மழையைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வாரம் ஸ்கூல் பிள்ளைகளோடு நடந்து வரும்போது, வளைவில் ஹாரனே அடிக்காமல் ஒரு கல் லொறி பாய்ந்து வந்தது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தேயிலைக்குள் விழுந்தேன். நசுங்கியது என் குடை மட்டும்தான், பயப்படாதீர்கள்.

உடனே பொலிசுக்கு போன் செய்தேன். "நம்பர் சொல்லுங்க டீச்சர்" என்றார்கள். நான் நம்பரைப் பார்க்கவில்லை. பின்னால் 'முருகன் துணை' என்று எழுதியிருந்ததைச் சொன்னேன். "இந்த ரோட்டுல பாதி லொறிக்கு அவருதானே துணை!" என்று சிரித்துவிட்டார் பொலிஸ்காரர். மறுநாள் அதே வளைவில் காத்திருந்து, அதே டிரைவர் வந்ததும் நம்பரைப் பார்த்துப் பொலிசுக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த டிரைவரை இந்த ரோட்டில் காணவில்லை.

இப்போது எந்த லொறி வந்தாலும் கண் நம்பருக்குத்தான் போகிறது. சனிக்கிழமைகளில் நம்மூர் மரக்கறியோடு வரும் வடிவேல் அண்ணனின் லொறி நம்பர் எனக்கு மனப்பாடம். அவரிடம் ஒரு குடை கொடுத்து அனுப்புங்கள். பெல் அடித்துவிட்டது, வகுப்புக்குப் போகிறேன்.

அம்மா, கொடுத்தனுப்ப ஒன்றுமில்லாத வாரத்திலும், என் அறையைத் தாண்டும்போது அவரை ஒரு ஹாரன் அடிக்கச் சொல்லுங்கள். நான் வாசலில்தான் நிற்பேன்.