பிரேக் மிதித்தால் எரியும் படம்

அம்மா,

எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் விரலில் கருகின ஒயர் வாசனை போகவில்லை. பேனாவைப் பிடித்தால் மூக்குக்கு நேராக வருகிறது. முன்னறையில் அப்பா தூங்குகிறார். விடிவதற்குள் ஏர்போர்ட் சவாரிக்கு உன் காரை எடுத்துவிடுவார். அதற்கு முன் அவரிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். பயமாக இருக்கிறது. அதனால் முதலில் உனக்கு எழுதுகிறேன்.

பட்டாபிராமில் இன்னும் அதை உன் கார் என்றுதான் சொல்கிறார்கள். நீ செத்துப்போன பிறகு அப்பா கம்பெனி வேலையை விட்டுவிட்டு உன் டாக்சியை ஓட்டுகிறார். ஓட்ட ஆரம்பித்ததுமே டேஷ்போர்டில் உன் படத்தை ஒட்டி, சுற்றிலும் குட்டி பல்புகள் வைத்தார். அதன் ஒயரை பிரேக் லைட்டுக்குப் போகும் ஒயரோடு தானே முறுக்கி இணைத்தார். பிரேக்கை மிதித்தால் பின்னால் விளக்கு எரியும், முன்னால் நீயும் எரிவாய். "பாத்தியா பாப்பா? நான் பிரேக் போட்டா உங்கம்மா கண்ணு முயிச்சிக்கினு பாக்குறா" என்றார். நீ போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "யோவ், பிரேக்க மிதிக்கிறியா, கரப்பான்பூச்சிய மிதிக்கிறியா?" என்று நீ கேட்டது எனக்கும் ஞாபகம் வந்தது.

கொஞ்ச நாளாக பிரேக் லைட் ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது. புதிது போட்டால் குமணன்சாவடி போய்ச் சேர்வதற்குள் போய்விடுகிறது. தெருமுனை எலக்ட்ரீஷியன் பின்னால் பல்பை மாற்றினார். பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்சை மாற்றினார். எலி கடித்திருக்கும் என்று பின் சீட்டையே கழற்றிப் போட்டார். ஒவ்வொரு தடவையும், "முட்ஞ்சிதுண்ணாத்தே, இனிமே கல்யாண ஊடு மாதிரி எரியும்" என்பார். மறுநாள் இருட்டு. நான் உன் படத்து ஒயரைக் காட்டி, "இதப் பாத்தீங்களாண்ணா?" என்று கேட்டேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அது அக்கா ஒயரு பாப்பா. அத்த தொட மாட்டேன்."

கடைசியில் யாரோ ஒரு டிரைவர் சொன்னதைக் கேட்டு, ஃபியூஸ் இருக்கும் இடத்தில் அப்பா செம்புக் கம்பியைச் செருகிவிட்டார். "இப்ப எப்டிப் போவுதுன்னு பாக்குறேன்."

நீ ஓட்டிக்கொண்டிருந்தபோது முகப்பேரில் ஒரு கடையில் உன் கார் ஹாரனுக்கு ஒருவர் இதே வேலையைச் செய்தார். டியூஷனுக்கு நேரமாகிறதே என்று நான் எரிச்சலோடு கதவில் சாய்ந்து நின்றேன். நீ நகரவில்லை.

"கம்பிய எடு."

"ஊரே இப்டித்தாங்க்கா ஓட்டிக்கினு கீது."

"ஓட்டட்டும். ஃபியூஸ் செத்தா வேற வாங்கிக்கலாம். வண்டி எரிஞ்சா உள்ள கீறவன எங்க போய் வாங்குறது?"

அதை அப்படியே அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "எலக்ட்ரீசனுக்கே புரியல, இவ வந்துட்டா. போய்ப் படி" என்றார்.

இன்று மதியம் அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும்போது சாவியை எடுத்தேன். கம்பியைப் பிடுங்கிவிட்டுப் புது ஃபியூஸ் போட்டேன். பின்னால் இரண்டு பக்க பல்பையும் கழற்றிவிட்டு பிரேக்கை மிதித்தேன். பல்பே இல்லாமலும் ஃபியூஸ் போனது. அப்படியென்றால் கோளாறு பல்பில் இல்லை; பின்னால் போகும் ஒயரை அந்த அண்ணன் ஏற்கெனவே பார்த்துவிட்டார். பெடல் பக்கம் தலையை விட்டு போன் வெளிச்சத்தில் பார்த்தேன். அப்பா இழுத்த ஒயர் பிரேக் பெடலின் இரும்புத் தண்டில் உரசிக்கொண்டிருந்தது. மிதிக்க மிதிக்க மேல்தோல் தேய்ந்து, உள்ளே இருக்கும் செம்பு இரும்பைத் தொட்டுவிட்டது. கம்பி போட்ட பிறகு சுற்றிலும் உருகிக் கறுத்திருந்தது. அந்த ஒயரைப் பிரித்து எடுத்து, மிச்ச முனையில் டேப் சுற்றினேன். பல்புகளைத் திரும்ப மாட்டி வேறு ஃபியூஸ் போட்டு மிதித்தேன். கால் வலிக்கும் வரை மிதித்தேன். போகவில்லை.

சந்தோஷம் வரவில்லை அம்மா, ஆத்திரம்தான் வந்தது. அந்த வண்டியில் எத்தனை ஒயர் இருக்கிறது! எலி கடித்ததாக இருந்திருக்கக் கூடாதா? உன்னுடையதாகத்தான் இருக்க வேண்டுமா? கும்பிட்டுவிட்டு ஒதுங்கிப்போன அந்த அண்ணன் மேலும், எதையும் காதில் வாங்காத அப்பா மேலும், ஏனோ உன் மேலும் கோபம்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் முதல் பிரேக்கிலேயே உன் முகம் இருட்டாக இருப்பதைப் பார்ப்பார். பார்த்ததும் குனிந்து பழையபடி முறுக்கிவிடுவார்.

ஓட்டுபவருக்குத் தன் பின்விளக்கு தெரியாது. தினமும் காலையில் நீ பிரேக்கை மிதித்துக்கொண்டு, "எரியுதாடி?" என்று கேட்பாய். நான் பள்ளிக்கூட உடுப்போடு பின்னால் நின்று, "எரியுதும்மா" என்று கத்துவேன். அந்தப் பதில் வராமல் நீ வண்டியை நகர்த்தியதில்லை. அப்பா யாரையும் கேட்பதில்லை.

நாளைக்கு அவர் ஏறி உட்கார்ந்ததும் நான் போய்ப் பின்னால் நிற்கப் போகிறேன். பிரேக்கை மிதிக்கச் சொல்வேன். உன் படம் எரியாது. இறங்கி வந்து கத்துவார், ஒருவேளை அடிப்பார். வேறு இடத்திலிருந்து உனக்கு விளக்குப் போடலாம் என்று சொல்வேன், காதில் விழாது. கத்தி முடிக்கட்டும். திரும்ப ஏறி உட்கார்ந்து மறுபடி மிதிக்கிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். மிதித்ததும், நீ எனக்குப் பழக்கிவிட்ட குரலில், தெருவே எழுந்துகொள்ளும்படி சொல்வேன்:

"எரியுதுப்பா."