கழுவின தண்ணீரில் போன வெளிச்சம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பேத்தியும் அங்கே சுகமாக இருக்க வேண்டும், இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் இடி விழுந்த மாதிரி கிடக்கிறது. உன் தங்கையின் முனைவர் பட்டத் தேர்வு நடந்த அன்று அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான், உன் தங்கை, உன் அத்தை, உனக்கும் அவளுக்கும் பாடம் சொன்ன பேராசிரியர், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா, விளக்கைப் போட்டு அணைக்க நின்ற ஆய்வுக்கூடக்காரர். நீ பிறந்தபோது தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டுக் கரிக்கட்டையாட்டம் இருக்கே என்றாளே அந்த அத்தை, என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள், நான் ஒரு நாற்காலி தள்ளிப் போனேன்.

அங்கே நடையில் இன்னும் உன் படம் மாட்டியிருக்கிறது. கரியைக் கண்ணுக்கே தெரியாத துகளாக்கி அதன் மேல் ஒரு மருந்தை ஒட்டவைத்தால் ஊதா விளக்கில் சிவப்பாக ஒளிவிடும், மருந்தை மாற்றினால் பச்சை, மஞ்சள் என்று வேண்டிய நிறம் வரும் என்று நீ கண்டுபிடித்ததாக அதன் கீழே எழுதியிருக்கிறார்கள். அதை வைத்துத்தானே நீ கடல் தாண்டினாய், உன் தங்கையும் அதை நம்பித்தானே அதே மேசையில் இத்தனை வருஷம் நின்றாள். காய்ச்சி எடுத்த கரித்தண்ணீரைச் சவ்வுப் பையில் கட்டி நல்ல தண்ணீரில் தொங்கவிட வேண்டுமாம், ஒட்டாத கழிவெல்லாம் வெளியே கசிந்துவிடும், கரி மட்டும் பைக்குள் நிற்கும். அவள் தண்ணீரை மாற்றி மாற்றி ஒரு வாரம் ஊறவைத்தாள். பையில் நின்ற கரியை ஒரு குப்பியிலும், கொட்ட வேண்டிய கழுவின தண்ணீரை இன்னொரு குப்பியிலும் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் வைத்தாள். அறையை இருட்டாக்கி ஊதா விளக்கைப் போட்டார்கள். கரி செத்துக் கிடந்தது. கழுவின தண்ணீர் செக்கச்செவேலென்று ஜொலித்தது.

"வெளிச்சம் கரியோடது இல்லைங்க, ஒட்டாம ஓடிப்போன கழிவோடது" என்றாள் உன் தங்கை. பேராசிரியர் எழுந்துவிட்டார். அண்ணன் கையில் எரிந்தது உன் கையில் எப்படி அணையும், நீதான் எதையோ கெடுத்திருக்கிறாய் என்று கத்தினார். தேர்வாளர் அம்மா நிதானமானவர், இவள் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் முதலில் செய்தவர் எப்படிக் கழுவினார் என்று தெரியாமல் பட்டம் கொடுக்க முடியாது என்று நிறுத்திவைத்துவிட்டார். அந்த இருட்டில் உன் அத்தைதான் தட்டுத்தடுமாறிப் போய் இவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உன்னைக் கரிக்கட்டை என்றதை அன்றோடு மன்னித்துவிட்டேன். முதல் வருஷம் முழுக்க இவளைக் குப்பி கழுவவைத்த பேராசிரியரையும் விட்டேன், அவருக்கு ஒன்றும் தெரியாது, விளக்கைப் போட்டதும் அவர் விழித்த விழியிலேயே தெரிந்தது.

பஸ்ஸில் வரும்போது, அண்ணனுக்கு இது தெரிஞ்சிருக்காதும்மா என்று அவள் எனக்குத் தேறுதல் சொன்னாள். அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன மழைக்காலத்தில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டுத் தலை பின்னிக்கொண்டிருந்தாள், நீ சொன்னாய்: "ரெண்டு நாள் போதும்டி. அதுக்கு மேல ஊறவைக்காத, நிறம் போயிடும்." ஏதோ கைப்பக்குவம் சொல்கிறாய் என்று நினைத்தோம். கழிவு முழுக்கக் கழுவிப்போனால் நிறமும் போய்விடும் என்று கண்ணால் பார்க்காதவன் அப்படிச் சொல்வானா? பஸ்ஸில் அவளிடம் இதைக் கேட்டேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உன்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

பேத்திக்குச் சளி என்றாள் மருமகள், ஈரத்தலையோடு வெளியே விடாதே, நீயும் காதை மூடிக்கொண்டு போ. நீ எத்தனை நாள் கழுவினாய், ஏன் நிறுத்தினாய் என்பதை அந்தத் தேர்வாளர் அம்மாவுக்கு உடனே எழுது, தங்கையின் பட்டம் உன் வாயில்தான் இருக்கிறது. நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும், பெற்றவள் வேறு என்ன சொல்வேன். அன்று அங்கே இருந்த யார் மேலும் எனக்கு இப்போது வருத்தமில்லை. அந்த அறையில் இல்லாத ஒருவனைத்தான் நான் மன்னிக்க மாட்டேன், அவன் என் மூத்த மகன்.

அம்மா