தேய்க்கத் தெரியாதவள்

நைனா,

இன்று காலை காபி டம்ளரோடு பால்கனியில் நின்றபோது பெயிண்ட் கரைக்கிற தின்னர் வாசனை மேலே ஏறி வந்தது. வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையை ஒட்டிய அடுக்ககத்தில் வாசனைக்கா பஞ்சம்? லாரிப் புகை, பிரியாணி, சாக்கடை எல்லாம்தான் வரும். நான் கண்டுகொள்வதில்லை. இது வந்தபோது மட்டும் என் விரல் நுனிகள் எரிந்தன. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் எரிகிறது.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். கீழ் வீட்டில் குடியிருக்கும் கல்லூரி ஆசிரியை தன் கார்க் கதவுகளின் உள்பக்கத்து பிளாஸ்டிக் பலகைகளைக் கழற்றிச் செய்தித்தாள் மேல் பரப்பி, ஸ்ப்ரே டப்பாவை அழுத்திப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். "ஸ்மெல் ரொம்ப வருதா ஆன்ட்டி? சாரி, இன்னும் அரை மணி நேரம்தான்" என்றாள். நான் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அவள் சொன்ன பதில்தான் என்னை இதை எழுத உட்கார வைத்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நம் வண்டி.

என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கார் கேட்டார்கள். வெள்ளானூரில் நிலபுலன் உள்ள பழைய குடும்பம். ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கிற நமக்கு அந்தச் சம்பந்தம் பெரிய இடம்தான். நீ உடனே தலையாட்டிவிட்டாய். "ஒரு டாக்டரு ஓட்டின வண்டி சம்பந்தி, புதுசு மாதிரி கீது" என்றாய். வண்டி வெளியே பார்க்கப் பரவாயில்லை. உள்ளேதான் மானம் போனது. டேஷ்போர்டு வெயிலில் வெளுத்துத் திட்டுத் திட்டாகக் கிடந்தது. கதவுப் பலகைகளில் கீறல், சிகரெட் சுட்ட தழும்பு. அந்த டாக்டர் சிகரெட் பிடிப்பவர் போலிருக்கிறது, அல்லது டாக்டரே இல்லை. நான் கேட்கவில்லை.

"வெளில குடுக்க வேணாம், ஊட்லயே அடிச்சிடலாம்" என்றாய். இருபது வருடம் தொழிற்சாலை பெயிண்ட் ஷாப்பில் இரும்புக்குப் பெயிண்ட் அடித்த கை உன்னுடையது. அம்மா மட்டும் ஆடி மாதம் முடியட்டும் என்றாள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். ஆடி முடியக் காத்திருந்தால் எப்போது அடிப்பது, எப்போது காய்வது? வெளியே காற்று மண்ணை வாரி இறைத்ததால் பலகைகளைக் கழற்றி ஹாலுக்குள் கொண்டு வந்தாய். ஐந்து நாள் நம் வீட்டுச் சாம்பாரில் தின்னர் மணத்தது.

பெயிண்ட் பிடிப்பதற்காகப் பலகையைத் தேய்க்கிற வேலை என்னுடையது. தண்ணீர்ப் பக்கெட்டும் உப்புத்தாளும் என் முன்னால் வைத்தாய். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் கல்யாணத்துக்காக எடுத்த லீவில் மூன்று நாள் உட்கார்ந்து தேய்த்தேன். கை வைத்துப் பார்ப்பாய், "இன்னும் கொஞ்சம்" என்பாய். மறுபடி தேய்ப்பேன். மூன்றாம் நாள் விரல் நுனியில் ரேகையே இல்லை. "நீ மட்டும் ஆம்பளையா பொறந்திருந்தா ஷாப்புல என் எடத்துல ஒக்கார வச்சிருப்பேன்" என்று சிரித்தாய். எனக்கு அது எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. என் வரதட்சணையை நானே உட்கார்ந்து தேய்க்கிறேன் என்பதுகூட அன்று உறைக்கவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறேன் என்பதே போதுமாக இருந்தது. இப்போது அதை நினைத்தால்தான் ஆத்திரம் வருகிறது.

நாலாம் நாள், கொசு மருந்து அடிக்கிற பம்பைக் கழுவி, சாம்பல் நிறப் பெயிண்டைக் கரைத்து ஊற்றினாய். நான் கேட்டேன், நினைவிருக்கிறதா? "நைனா, பிரைமரு?" என்று கேட்டேன். இத்தனை வருடம் உன் வாயிலிருந்து நாள்தோறும் கேட்ட சொல் அது. வீட்டுச் சன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடித்தால்கூட முதலில் அடிப்பூச்சாகப் பிரைமர் என்பாய்.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "பிரைமரு இன்னாத்துக்கு? துரு புடிக்காம இருக்கறதுக்கு. பிளாஸ்டிக்கு எந்தக் காலத்துலம்மா துரு புடிச்சுது?" என்றாய். அம்மாவைக் கூப்பிட்டு அவளிடமும் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். சரிதானே, துரு பிடிக்காத பொருளுக்கு எதற்குப் பிரைமர்?

காய்ந்ததும் மாட்டினோம். புது வண்டியேதான். எனக்கு மருதாணி வைத்த அன்று விரல் நுனியெல்லாம் தீயாக எரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா, "இன்னாடி, தோலே இல்ல?" என்றாள். "பாத்திரம் தேய்ச்சேங்க்கா" என்றேன். அதுதான் உனக்காக நான் சொன்ன முதல் பொய்.

முகூர்த்தம் முடிகிறவரை வண்டி மண்டப வாசலில், கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஆவணி வெயிலில் நின்றது. மதியம் அதிலேயே வெள்ளானூருக்குக் கிளம்பினோம். பின் சீட்டில் என் பக்கத்தில் மாமியார், அரக்குப் பட்டுப் புடவையில். பாதை முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் கதவின் கைப்பிடிப் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டார், பிறகு புடவையை இழுத்து விட்டுக்கொண்டார். நான் தலை குனிந்திருந்ததால் அவர் கையில் என்ன ஒட்டுகிறது என்று கவனிக்கவில்லை.

வாசலில் ஆரத்தித் தட்டு வந்தபோதுதான் மாமியார் தன் கையைப் பார்த்தார். "இன்னாது இது? கை பூரா சாம்ப கலரு?" புடவையில் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருந்தன. கொழுந்தன் கதவுப் பலகையை நகத்தால் சுரண்டினான். பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது. உள்ளே சிகரெட் தழும்பு.

பின்னால் வேனில் வந்து இறங்கிய உன்னைக் கூப்பிட்டார்கள். நீ அந்தக் கையைப் பார்த்தாய், புடவையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னாய்:

"நான் அடிச்சதுல கொறையே இல்ல சம்பந்தியம்மா. பொண்ணுதான் தேய்ச்சிச்சு. சரியா தேய்க்கல போல கீது."

ஆரத்தித் தட்டு என் முகத்துக்கு நேராக இருந்தது, நைனா. நான் மாலையோடு நின்றேன். "பிரைமர் கேட்டேனே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அத்தனை பேர் முன்னால் உன்னைத் தலைகுனிய வைக்க மனம் வரவில்லை, வாயை மூடிக்கொண்டேன். நீ மட்டும் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டு, பாயாசம் குடித்து, வேன் ஏறிப் போய்விட்டாய்.

"ஓ, பொண்ணு தேய்ச்சதா? அப்ப தேய்க்கவே தெரியாத பொண்ணத்தான் நம்ம தலைல கட்டிட்டாங்க" என்றார் மாமியார். அன்று எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அது என் பெயராகவே ஆகிவிட்டது. குழம்புச் சட்டியில் கறை இருந்தால், "தேய்க்கத் தெரியாதவ." குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து அது வீரிட்டு அழுதால், "அவளுக்குத்தான் தேய்க்கத் தெரியாதே." என் வீட்டுக்காரர் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொள்வார். இரண்டு வருடத்தில் அந்த வண்டியை விற்றார்கள். பெயர் என்னோடு தங்கிவிட்டது.

நீ தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரிசைத் தட்டோடு வந்தாய். உன் காதுபடவே மாமியார் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். நீ தாம்பூலத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாய். ஒருமுறைகூட, "இல்லம்மா, தப்பு என்னுது" என்று சொல்லவில்லை. அவரிடம் வேண்டாம், பஸ் ஸ்டாப்பு வரை வழியனுப்ப வந்த என்னிடமாவது சொல்லியிருக்கலாம். ரொம்ப நாள் வரை நானே நம்பினேன், நைனா. இன்னும் ஒரு நாள் கூடுதலாகத் தேய்த்திருக்க வேண்டுமோ என்று.

தொண்ணூறுகள் முடிவதற்குள் நீ போய்விட்டாய். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது என் கையை எடுத்து, உன் கட்டைவிரலால் என் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவினாய். அன்று பலகையைத் தொட்டுப் பார்த்ததும் இப்படித்தான். சொல்லப் போகிறாய் என்று குனிந்தேன். "சாப்ட்டியா?" என்றாய். சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய்தான்.

கீழே அந்தப் பெண்ணிடம் நான் கேட்டது இதுதான்: "நல்லாத் தேய்ச்சிட்டு அடிச்சா நிக்கும்தானே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தேய்ச்சா மட்டும் போதாது ஆன்ட்டி. பிளாஸ்டிக்குன்னே தனியா பிரைமர் இருக்கு. அத அடிக்காம எவ்ளோ தேய்ச்சாலும் நிக்காது. வெயில்ல எளகி கையோட வந்துடும்."

எவ்வளவு தேய்த்தாலும். அவளை இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். காது கேட்கவில்லை என்று நினைத்து உரக்கச் சொன்னாள்.

உனக்கு அது தெரிந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரும்பு மட்டுமே பார்த்தவன் நீ. தெரியாமல் செய்ததை எப்போதோ மறந்திருப்பேன். ஆனால் நான் பிரைமர் கேட்டதும், நீ சிரித்ததும் உனக்குத் தெரியுமே! அந்த வாசலில் நின்று என்னைப் பார்த்த அந்த நொடியில் அது உன் நினைவுக்கு வந்தது. உன் கண்ணில் பார்த்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை.

மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வாசலில் நின்றவர்களில் இதைக் கேட்க வேண்டியவர் யாரும் மிச்சமில்லை. ஆகையால் உனக்கே எழுதுகிறேன், பதில் வராது என்று தெரிந்தும்.

நான் சரியாகத்தான் தேய்த்தேன், நைனா.